மலைநகரில் மரதன் பாதை வகுத்தல்: நுவரெலியாவை முன்வைத்து ஒரு வழிகாட்டி

நுவரெலியாவில் மரதன் ஓட்டம் ஒன்றை நடத்த விரும்பும் விளையாட்டுக் கழகத்துக்கோ பழைய மாணவர் சங்கத்துக்கோ முதலில் தோன்றும் எண்ணம், சுற்றுலா வரைபடத்தை மேசையில் விரித்துத் தபாலகம், விக்டோரியா பூங்கா, கிரகரி வாவி, சீதையம்மன் கோயில், ஹக்கலைப் பூங்கா என்று பெயர்பெற்ற இடங்களை ஒரு கோட்டால் இணைத்துவிடலாம் என்பதுதான். அந்தக் கோடு படத்தில் அழகாக இருக்கும். வீதியில் இறங்கியதும் குலைந்துபோகும். மலைநகரில் பாதையை முதலில் தீர்மானிக்க வேண்டியவை இரண்டு: ஏற்ற இறக்கமும், அந்த வீதியோரத்தில் வாழும் மக்களின் காலைப்பொழுதும். இவ்விரண்டையும் சரியாகக் கணித்து வகுத்த பாதையில் பார்க்கத்தக்க இடங்கள் தாமாகவே வந்து சேரும் என்பதும், இவற்றைப் புறக்கணித்து இடங்களை மட்டும் கோத்த பாதையில் ஓட்டக்காரரும் ஊர்க்காரரும் சேர்ந்தே துன்பப்படுவர் என்பதும் என் உறுதியான கருத்து. அந்த வரிசையிலேயே இந்த வழிகாட்டி செல்கிறது.

ஏற்ற இறக்கத்தைக் கணித்தல்

நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. இந்த உயரத்தில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கே என்பதால், கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ பயிற்சி எடுத்தவர் சமதரையில் ஓடும்போதுகூட வழக்கமான வேகத்தை எட்ட முடியாது. அதன்மேல் ஏற்றத்தையும் சேர்த்தால் நேரம் இன்னும் நீளும். ஆகவே பாதை மூடும் நேரத்தைக் கரையோர நகரங்களின் கணக்கில் வைக்கக்கூடாது. அங்கே ஆறு மணித்தியாலம் போதுமென்றால் இங்கே ஏழு வேண்டும் என்று எடுத்துக்கொள்வது பாதுகாப்பானது. பொலிஸாரிடம் வீதிக்கு அனுமதி கேட்கும்போதே இந்த நேரத்தைச் சொல்லிவிட வேண்டும்.

சாய்வைக் கணிக்கக் கைத்தொலைபேசியின் உயரக் கணக்கை மட்டும் நம்ப வேண்டாம். மலைச்சரிவும் மரக்கூட்டமும் செய்மதிச் சமிக்ஞையை மறைக்கும் இடங்களில் அது தவறான உயரத்தைக் காட்டும். நில அளவைத் திணைக்களத்தின் 1:50,000 வரைபடத்தில் சமவுயரக் கோடுகள் இருக்கின்றன. அவற்றிலிருந்து ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் எவ்வளவு ஏறுகிறோம், எவ்வளவு இறங்குகிறோம் என்று குறித்துக்கொண்டு, பிறகு அதே வீதியில் முழுவதும் நடந்து பார்க்க வேண்டும். நூறு மீற்றர் தூரத்தில் ஐந்து மீற்றர் ஏறினால் அது ஐந்து வீதச் சாய்வு. ஆறு வீதத்துக்கு மேற்பட்ட ஏற்றம் சில நூறு மீற்றருக்கு மேல் தொடரக்கூடாது என்றும், முப்பதாவது கிலோமீற்றருக்குப் பிறகு நீண்ட ஏற்றம் எதுவுமே வரக்கூடாது என்றும் ஒரு விதியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

இறக்கத்தைப் பற்றித் தவறான எண்ணம் ஒன்று பரவலாக இருக்கிறது. நுவரெலியாவில் தொடங்கி லபுக்கலை, றம்பொடை வழியாகக் கீழே இறக்கிவிட்டால் எல்லோரும் வேகமாக ஓடி மகிழ்வார்கள் என்று சிலர் எண்ணுகின்றனர். இறங்கும்போது தொடையின் முன்தசை நீண்டபடியே உடற்பாரத்தைத் தாங்குகிறது. பல கிலோமீற்றருக்கு இது தொடர்ந்தால் தசையிழைகள் சேதமடைந்து, கடைசிப் பத்துக் கிலோமீற்றரில் படியிறங்கக்கூட முடியாத நிலை வரும். மேலும், உலக தடகள அமைப்பின் விதிப்படி, ஒரு வீதி ஓட்டத்தின் நேரம் சாதனையாக ஏற்கப்பட வேண்டுமானால், முடிவிடம் தொடக்க இடத்தைவிடக் கிலோமீற்றருக்கு ஒரு மீற்றர் என்ற கணக்குக்கு மேல் தாழ்ந்திருக்கக்கூடாது. மரதனுக்கு இது 42 மீற்றர். நுவரெலியாவிலிருந்து நானுஓயா ரயில் நிலையத்துக்குப் போனாலே இருநூறு மீற்றருக்கு மேல் இறங்கிவிடுகிறோம். தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடையிலான நேர்கோட்டுத் தூரம் ஓட்டத்தின் மொத்தத் தூரத்தில் பாதியைத் தாண்டக்கூடாது என்பதும் அதே விதியின் மற்றொரு பகுதி. நம் பிள்ளைகள் ஒருநாள் இங்கே நல்ல நேரம் ஓடினால் அது எங்கும் செல்லுபடியாக வேண்டும் அல்லவா? அதனால் தொடங்கிய இடத்திலேயே முடியும் பாதையே இங்கு பொருத்தமானது.

பாதையின் வடிவம்

நகருக்கும் வாவிக்கும் இடையே குதிரைப் பந்தயத் திடலும் அதைச் சுற்றிய சமதரையும் இருக்கின்றன. ஆட்கள் கூடவும், வாகனங்கள் நிறுத்தவும், முதலுதவிக் கூடாரம் அடிக்கவும் இடம் தரக்கூடிய பகுதி நகருக்குள் இது ஒன்றே என்பதால் இதை மையமாக வைத்து, இரண்டு கைகளை நீட்டுவதுபோல் பாதையை அமைக்கலாம்: ஒரு கை பதுளை வீதியில் சீதா எலியவை நோக்கியும், மற்றது உடபுசல்லாவை வீதியில் கந்தப்பளையை நோக்கியும் போய்த் திரும்பும்.

எந்தக் கை முதலில் வர வேண்டும் என்பதில்தான் அனுபவமில்லாதவர்கள் சறுக்குகின்றனர். சீதா எலியப் பக்கம் போகும்போது இறக்கம், திரும்பும்போது ஏற்றம். இதை இரண்டாவதாக வைத்தால் முப்பத்தைந்தாவது கிலோமீற்றரில் ஓட்டக்காரர் மலையேற நேரிடும். ஆகவே இதையே முதலில் வைக்க வேண்டும். திடலிலிருந்து புறப்பட்டு, வாவிக்கரையைத் தொட்டு, பதுளை வீதியில் இறங்கி, ஓடையோரத்தில் வண்ணக் கோபுரத்துடன் நிற்கும் சீதையம்மன் கோயிலை அடைந்து திரும்பலாம். கோயிலுக்கு அப்பால் ஹக்கலைப் பூங்கா வரை போக ஆசை வரும். 1861 ஆம் ஆண்டு மலேரியா மருந்துக்கான சிங்கோனா மரத்தைப் பயிரிடுவதற்காகத் தொடங்கப்பட்ட அந்தத் தோட்டம் இந்நகரின் பெருமைகளுள் ஒன்று என்பதில் ஐயமில்லை. ஆனால் கோயிலைத் தாண்டி மேலும் இறங்கும் ஒவ்வொரு மீற்றரையும் திரும்ப ஏற வேண்டியிருப்பதால், திரும்புமிடத்தைக் கோயிலை ஒட்டியே வைப்பது நல்லது.

திரும்பி வந்தபின் நகருக்குள் ஒரு சுற்று. 1894 ஆம் ஆண்டு கட்டப்பட்ட, மணிக்கூட்டுக் கோபுரத்துடன் கூடிய செங்கல் தபாலகம், விக்டோரியா மகாராணியின் வைரவிழாவை ஒட்டி 1897 இல் பெயர் சூட்டப்பட்ட பூங்கா, கோல்ப் திடலின் ஓரம், கடைவீதி ஆகியவை சில கிலோமீற்றருக்குள் வந்துவிடுகின்றன. வேடிக்கை பார்ப்போர் கூடும் பகுதி இதுவே. ஆகையால் பாதை இங்கே அகலமாகவும் கூர்மையான திருப்பங்கள் இல்லாமலும் இருக்கட்டும்.

அடுத்து உடபுசல்லாவை வீதி. ஹாவா எலியவைக் கடந்து, பீதுறு தோட்டத்தின் தேயிலை மலைகளுக்கு இடையே, நகரைவிடச் சற்று உயர்ந்த கந்தப்பளைக்குப் போகும் இந்தப் பகுதிதான் முழுப்பாதையின் உயிர். ஒருகாலத்தில் நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலை வரை ஒடுங்கிய பாதை ரயில் ஓடியதும் இந்தத் திசையிலேதான். ஆங்கிலேயர் விட்டுச்சென்ற மாளிகைகளையும் பூங்காக்களையும் மட்டும் காட்டும் பாதை, மலையகத்தில் நடந்த ஓட்டம் என்று சொல்லிக்கொள்ளத் தகுதியற்றது என்பேன். தொழிலாளர் வாழும் வரிசை வீடுகளான லயங்களையும், பறித்த கொழுந்தை நிறுக்கும் மடுவத்தையும், மரக்கறித் தோட்டங்களையும், சந்தியில் நிற்கும் சிறு கோயிலையும் கடந்து ஓடும்போதே வெளியூரிலிருந்து வந்தவர் எந்த மண்ணில் ஓடுகிறோம் என்று அறிவார். ஓட்டத்தின் நடுப்பகுதியில் ஏற்றமும் கடைசிப் பகுதியில் மிதமான இறக்கமும் அமைவதால், உடல்நோக்கிலும் இந்த வரிசை சரியாக வருகிறது. கந்தப்பளையிலிருந்து திரும்பி, வாவிக்கரையின் சமதரையில் கடைசி இரண்டு மூன்று கிலோமீற்றரை ஓடித் திடலில் முடிக்க வேண்டும். தூரம் கூடினாலோ குறைந்தாலோ வாவிக்கரையிலோ நகரச் சுற்றிலோ சரிசெய்துகொள்ளலாம். திரும்புமிடங்களை இழுத்து நீட்டிச் சரிக்கட்டாதீர்கள்.

தோட்டத்தின் உட்பாதைகளைச் சேர்க்க விரும்பினால், கொங்கிரீட் போட்ட பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு, தோட்ட நிர்வாகத்தின் எழுத்துமூல அனுமதியைப் பெற்றுக்கொள்ள வேண்டும். மழையில் அரித்த கல்பாதைகள் வீதி ஓட்டக் காலணிக்கு ஏற்றவை அல்ல.

வீதியோரத்து மக்களின் காலைப்பொழுது

ஞாயிற்றுக்கிழமையே பொருத்தமான நாள். மற்ற நாட்களில் காலையில் வேலைக்குப் பெயர் பதியும் பிரட்டுக்குப் போகும் தொழிலாளர்களும், பாடசாலைப் பிள்ளைகளும், கொழுந்து லொறிகளும் வீதியில் இருப்பார்கள். ஆனால் ஞாயிறும் வெறுமையான நாளன்று. சில தோட்டங்களில் அன்று, கூலியை அன்றே கையில் தரும் கைக்காசு வேலை நடக்கும். தேவாலயங்களில் காலைப் பூசை உண்டு. பிள்ளைகள் அறநெறி வகுப்புக்கும் ரியூசனுக்கும் போவார்கள். வாரம் முழுவதும் மலையில் நின்றவர்கள் சாமான் வாங்கவும் மரக்கறி விற்கவும் நகருக்கு இறங்குவதும் அன்றுதான். இந்த நடமாட்டம் எட்டு ஒன்பது மணிக்கு மேல் பெருகும். காலை ஆறு மணியளவில் ஓட்டத்தைத் தொடங்கினால் சீதா எலியக் கை முழுவதும் அதற்குள் முடிந்து, நகரமும் பெரும்பகுதி விடுபட்டுவிடும்.

ஓட்ட நாளுக்கு ஒரு மாதத்துக்கு முன்பே ஒவ்வொரு தோட்டப் பிரிவுக்கும் நேரில் போய்ப் பேசுங்கள். முகாமையாளரிடம் மட்டும் பேசித் திரும்பிவிடாமல், தோட்டத் தலைவர்மார், கோயில் பரிபாலன சபையினர், மாதர் சங்கத்தினர், சந்தியில் நிற்கும் ஓட்டோச் சாரதிகள், கிராம உத்தியோகத்தர் ஆகிய எல்லோரிடமும் எத்தனை மணிக்கு முதல் ஓட்டக்காரர் வருவார், எத்தனை மணிக்குக் கடைசி ஆள் போவார், இடையில் வீதியைக் கடக்க எங்கே வழி விடப்படும் என்பதைத் தமிழிலும் சிங்களத்திலும் அச்சிட்ட ஒரு தாளில் கொடுத்துப் பேச வேண்டும். தாளைப் படிக்க முடியாத முதியோருக்கு வாயால் சொல்லுங்கள். அப்படிப் பேசப் போகும்போது, யாருமே வரைபடத்தில் குறிக்காத விடயங்கள் தெரியவரும்: இந்த வளைவில் காலை ஐந்தரைக்குப் பெண்கள் பீலியில் தண்ணீர் பிடித்துக் குடத்துடன் வீதியைக் கடக்கிறார்கள், அந்த மதகடியில் பால் சேகரிக்கும் வண்டி நிற்கும், இந்த லயத்து நாய்கள் கூட்டமாக ஓடுபவரைத் துரத்தும் என்பவை. இவற்றைக் குறித்துக்கொண்டு அந்தந்த இடத்தில் அந்த ஊர்க்காரர் ஒருவரையே தொண்டராக நிறுத்துங்கள். நகரத்திலிருந்து அழைத்துவந்த பத்துப்பேர் செய்யாததை ஊர் அறிந்த ஒருவர் செய்துவிடுவார்.

இறுதி ஊர்வலம் ஒன்று வீதிக்கு வந்தால், ஓட்டம் ஓரமாக ஒதுங்கி வழிவிட வேண்டும் என்ற கட்டளையை எல்லாத் தொண்டர்களுக்கும் முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். தப்பு அடித்து வரும் ஊர்வலத்தை நேரக்கணக்குக்காக நிறுத்தி வைப்பது எந்த நிலையிலும் சரியாகாது.

2023 ஆம் ஆண்டு, மலையகத் தமிழர் இந்நாட்டுக்கு வந்து இருநூறு ஆண்டுகள் நிறைந்ததை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நடைபயணம் நடந்தது. நெடுந்தூரம் கால்நடையாகப் போவது இம்மக்களின் வரலாற்றிலேயே ஊறியது. அந்த உணர்வுடன் அணுகினால், தமது லயத்து வாசலைக் கடந்து ஓடுபவரை அவர்கள் வரவேற்பார்கள். வெறும் இடையூறாக வந்தால் அப்படியே பார்ப்பார்கள்.

வீதி, வைத்தியசாலை, அனுமதி

வளையமாகவும் கைகளாகவும் அமைந்த பாதை, தனக்குள் ஒரு பகுதியைப் பூட்டிவிடும் அபாயம் உடையது. இராகலை, கந்தப்பளைப் பக்கத்திலிருந்து நோயாளியை நுவரெலியா வைத்தியசாலைக்குக் கொண்டுவர உடபுசல்லாவை வீதியே பிரதான வழி. வெலிமடைப் பக்கத்தவருக்குப் பதுளை வீதி. ஆகையால் இவ்விரு வீதிகளையும் முழுமையாக மூடவே கூடாது. இடப்பக்கப் பாதி அல்லது வலப்பக்கப் பாதி என்று ஒன்றை ஓட்டத்துக்கு ஒதுக்கி, கூம்புகளை வைத்துப் பிரித்து, மறுபாதியில் வாகனங்களை ஒவ்வொரு திசையாக மாற்றி மாற்றி விட வேண்டும். 1990 என்ற இலக்கத்தில் அழைக்கும் சுவசெரிய அம்பியூலன்ஸ் எந்த நேரத்தில் எந்தச் சந்தியால் பாதையைக் கடக்கலாம் என்பதை அச்சேவையினருடனும் பொலிஸாருடனும் கூடிப் பேசித் தீர்மானியுங்கள். மாநகர சபை, பிரதேச சபை, மாவட்டச் செயலகம், வீதி அபிவிருத்தி அதிகார சபை ஆகியவற்றின் அனுமதியும் தேவை. கடிதங்களைப் பாதையின் வரைபடத்துடனும் மணித்தியால வாரியான அட்டவணையுடனும் கொடுத்தால் விரைவில் பதில் கிடைக்கும்.

மாதத்தைத் தேர்வதில், ஏப்ரல் வசந்தகாலத்தைத் தவிர்த்துவிடுங்கள். அப்போது நகரில் கால்வைக்க இடமிருக்காது. மே முதல் செப்ரெம்பர் வரை தென்மேற்குப் பருவமழையும் காற்றும், ஒக்ரோபர் பிற்பகுதியிலிருந்து டிசம்பர் வரை இன்னொரு மழையும் வரும். ஜனவரியிலும் பெப்ரவரித் தொடக்கத்திலும் அதிகாலையில் துகள் உறைபனி படிவதுண்டு; வீதியோரப் புல்லில் வெண்மை தெரிந்தால் மதகுகளின் மேல் வழுக்கும். எனவே பெப்ரவரிக் கடைசியும் மார்ச் மாதமுமே சிறந்தவை. அது, மன்மதன் கதையை ஆடும் காமன் கூத்து நடக்கும் காலமும் ஆகையால், இரவு முழுதும் விழித்திருக்கும் தோட்டத்தில் மறுநாட் காலை ஓட்டத்தை வைக்காதபடி கோயில்காரரிடம் நாளைக் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். எந்த மாதமானாலும், முந்தைய வாரத்தில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவகம் மண்சரிவு எச்சரிக்கை விடுத்திருந்தால் ஓட்டத்தைத் தள்ளிவைப்பதில் தயக்கம் வேண்டாம்.

தண்ணீர்

ஐந்து கிலோமீற்றருக்கு ஒரு தண்ணீர் நிலையம் வழக்கம். ஏற்றப் பகுதிகளில் இரண்டரைக் கிலோமீற்றருக்கு ஒன்று வையுங்கள். குளிரில் தாகம் தெரியாது என்பதால் பலர் குடிக்காமலே ஓடி, கந்தப்பளையிலிருந்து திரும்பும்போது தளர்ந்துவிடுவர். நிலையங்களுக்குத் தேவையான தண்ணீரைப் பவுசரில் கொண்டுவர வேண்டும்; லயத்துப் பீலியிலிருந்து எடுத்தால் அன்று அந்த வீடுகளுக்குத் தண்ணீர் குறையும். முடிவிடத்தில் போர்வையும் சூடான இஞ்சித் தேத்தண்ணியும் இருப்பது மிக அவசியம். வியர்வையில் நனைந்த உடல் வாவிக்காற்றில் சில நிமிடங்களில் நடுங்கத் தொடங்கும்.

தூரத்தை அளத்தல்

மரதனின் தூரம் 42.195 கிலோமீற்றர். இதை வாகனத்தின் மீற்றராலோ தொலைபேசியாலோ அளந்தது அளவாகக் கொள்ளப்படமாட்டாது. உலகெங்கும் ஏற்கப்பட்ட முறை, சக்கரத்தின் சுழற்சியை எண்ணும் ஜோன்ஸ் எண்ணி எனப்படும் கருவியை முன்சக்கரத்தில் பொருத்திய சைக்கிளால் அளப்பதாகும். முதலில் நேரான, சமதரையான வீதித்துண்டொன்றை, குறைந்தது முந்நூறு மீற்றர் நீளத்துக்கு உருக்கு நாடாவால் அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். வாவிக்கரையில் இதற்குப் பொருத்தமான இடம் தேடலாம். அதன்மேல் சைக்கிளை நான்கு முறை ஓட்டி, அந்த நீளத்துக்குக் கருவி எத்தனை எண்ணுகிறது என்று பார்த்து, ஒரு கிலோமீற்றருக்கான எண்ணிக்கையைக் கணக்கிட வேண்டும். பாதை முழுவதையும் அளந்து முடித்தபின் அதே துண்டில் மீண்டும் நான்கு முறை ஓட்ட வேண்டும். இந்த இரண்டாவது சரிபார்ப்பு மலைநகரில் மிகவும் முக்கியம். அதிகாலைக் குளிரில் சுருங்கியிருந்த ரயரின் காற்று, வெயில் ஏறியதும் விரிந்து சக்கரத்தைச் சற்றுப் பெரிதாக்கும். அப்போது அதே தூரத்துக்குக் கருவி குறைவாக எண்ணும். முன்னும் பின்னும் எடுத்த எண்ணிக்கைகளை ஒப்பிட்டால்தான் அந்த வேறுபாடு வெளிப்படும்.

கணக்கிட்ட எண்ணிக்கையுடன் ஆயிரத்துக்கு ஒன்று வீதம் கூட்டிக்கொள்ள வேண்டும் என்பதும் விதி. அதன்படி பாதையை 42.237 கிலோமீற்றருக்கு, அதாவது 42 மீற்றர் கூடுதலாக, அமைக்க வேண்டியிருக்கும். அளவுப் பிழையால் பாதை குறைந்துவிடாதபடி காப்பதே இதன் நோக்கம்.

அளக்கும்போது சைக்கிள் எந்த வழியில் போகிறது என்பதில் மலைவீதி தனிக் கவனம் கேட்கிறது. ஓட்டக்காரர் ஓடக்கூடிய மிகக் குறுகிய வழியிலேயே அளக்க வேண்டும். வளைவின் உட்கரையில், விளிம்பிலிருந்து 30 சென்ரிமீற்றர் தள்ளி. கொண்டை ஊசி வளைவொன்றில் உட்கரையை விட்டு மூன்று மீற்றர் வெளியே அளந்தால், அந்த ஒரு வளைவிலேயே ஏறத்தாழ ஒன்பதரை மீற்றர் கூடுதலாகக் கணக்கில் சேரும். இத்தகைய பத்து வளைவுகள் வந்தால் தொண்ணூறு மீற்றருக்கு மேல் பிழை. ஓட்டக்காரர் உண்மையில் ஓடிய தூரம் அவ்வளவு குறைவு. இங்கேதான் வீதியின் எந்தப் பாதி ஓட்டத்துக்கு என்ற முந்தைய தீர்மானம் மீண்டும் முன்னால் வருகிறது. முழு அகலமும் ஓட்டத்துக்கு என்றால், வலப்பக்க வளைவிலிருந்து இடப்பக்க வளைவுக்குக் குறுக்காகக் கடக்கும் நேர்கோட்டில் அளக்க வேண்டும்; இடப்பாதி மட்டும் என்றால் அந்தப் பாதிக்குள்ளேயே மிகக் குறுகிய வழியில் அளக்க வேண்டும். அளவு எடுத்தபின் ஓட்ட நாளில் கூம்புகள் அரை மீற்றர் நகர்ந்தாலும் தூரம் மாறும் என்பதால், எல்லா வளைவுகளிலும் கூம்பு வைக்கும் இடத்தைப் பெயின்ரால் குறித்துவையுங்கள்.

தொடக்கம், முடிவு, இரு திரும்புமிடங்கள், ஒவ்வொரு ஐந்தாவது கிலோமீற்றர் ஆகியவற்றை வீதியில் ஆணி அடித்து அடையாளமிட்டு, அருகிலுள்ள மின்கம்ப இலக்கம், மதகு, கிலோமீற்றர்க் கல் ஆகியவற்றிலிருந்து அவை எத்தனை மீற்றர் தள்ளி இருக்கின்றன என்று தாளில் எழுதுங்கள். கடையின் பெயர்ப்பலகையையோ மரத்தையோ அடையாளமாக எழுத வேண்டாம். இரண்டும் அடுத்த ஆண்டில் இல்லாமல் போகலாம். முறையாக அளந்து பெறும் சான்றிதழ் ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும். அதற்குள் மண்சரிந்து வீதி ஒதுக்கப்பட்டாலோ, அகலப்படுத்தப்பட்டாலோ, வளைவு ஒன்று திருத்தப்பட்டாலோ அந்தப் பகுதியை மறுபடி அளக்க வேண்டும். அளவுத் தாள்களின் பிரதிகளில் ஒன்றைக் கழகத்திலும் மற்றொன்றை மாநகர சபையிலும் கொடுத்து வையுங்கள். நிர்வாகக்குழு மாறினாலும் அடுத்து வருபவர்கள் அதே பாதையை அதே ஆணிகளிலிருந்து தொடங்க முடியும்.